பிளாக் டை விருந்து: வாடகைக் கோட்டா, சொந்தக் கோட்டா? லண்டனில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு மதிப்புரை

பிளாக் டை என்றால் டின்னர் சூட் என்ற மாலை உடையும் கறுப்பு போ டையும் அணிந்து போக வேண்டிய விருந்து. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வருடத்துக்கு ஒரே ஒரு பிளாக் டை விருந்து வைக்கும் அலுவலகம் என்றால் டின்னர் சூட்டை வாடகைக்கு எடுங்கள். இரண்டு, மூன்று என்று வந்தால் வாடகைக்குக் கொடுக்கும் காசு வீண். சட்டை, போ டை, ஷூ மூன்றையும் எந்த நிலையிலும் வாடகைக்கு எடுக்க வேண்டாம். சொந்தக் கோட் வாங்குவதானால் புதுக் கோட்டைவிட நல்ல கம்பளித் துணியில் தைத்த பழைய கோட் மேல். ஏன் என்பதுதான் கீழே எழுதியிருக்கிறது.

ஆனால் உடைக்குப் போகுமுன், எந்த வேலையில் இந்த விருந்து உண்மையிலேயே வரும் என்று தெரிய வேண்டும். "எங்கள் கம்பெனியில் கிராண்டாக பால் எல்லாம் உண்டு" என்று ஆள் சேர்க்கும் நாளில் சொல்வார்கள் (பால் என்பது 'ball', நடனத்தோடு கூடிய விருந்து). வருடத்தில் எத்தனை, டிக்கெட் யார் காசு, ஜூனியர்களுக்கும் இடம் உண்டா, இந்த மூன்றையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வேலையில் எத்தனை இரவு

அதிகம் வருவது சட்டம், இன்ஷூரன்ஸ், ரியல் எஸ்டேட், கட்டுமானம் ஆகிய துறைகளில். கட்டுமானம் என்றதும் பலர் ஆச்சரியப்படுவார்கள். ஆனால் பிரிட்டனில் துறைவாரியாக விருது வழங்கும் இரவுகள் ஏராளம், அவற்றில் பெரும்பாலானவை பிளாக் டை. ஒரு கம்பெனி பத்துப் பேர் மேஜை ஒன்றை மொத்தமாக வாங்கி, வாடிக்கையாளர்களையும் தன் ஆட்களையும் கலந்து உட்கார வைக்கும். கடைசி நேரத்தில் ஒரு சீனியர் வர முடியாமல் போனால் அந்த நாற்காலி ஜூனியருக்கு வரும், அதுவும் முதல் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் எந்த வாடகைக் கடையும் உதவாது. பார்க் லேனில் உள்ள கிராஸ்வெனர் ஹவுஸ் ஹோட்டலின் கிரேட் ரூம் இப்படிப்பட்ட இரவுகளுக்குப் பேர்போன இடம். ஒரு காலத்தில் பனிச்சறுக்குத் தளமாக இருந்த அந்தத் தரையடி மண்டபத்தில் சுமார் 2,000 பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் படியிறங்குவார்கள். நீளப் பாவாடையோ புடவையோ கட்டியவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

பாரிஸ்டர் ஆகப் போகிறவர்கள் அவசரப்பட வேண்டாம். லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் என்ற நான்கு 'இன்'களில் (Inn, பாரிஸ்டர்களின் சங்கம்) ஒன்றில் சேர்ந்து, குறிப்பிட்ட எண்ணிக்கையில் தகுதி அமர்வுகளை முடித்தாக வேண்டும். அவற்றில் சில விருந்துகள். ஆனால் சாதாரண விருந்துக்குக் கறுப்பு அல்லது அடர்நிற சூட்டும் மேலே இன் தரும் கவுனும் போதும். பிளாக் டை தேவைப்படுவது கிராண்ட் டே போன்ற சில இரவுகளில்தான். அழைப்பிதழில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

லண்டன் நகரத்தின் லிவரி கம்பெனிகள், அதாவது பழைய கைவினைஞர், வணிகர் குழுக்களின் (கில்டு) வாரிசுகள், நூற்றுக்கும் மேல் உண்டு. கணக்காளர், பொறியாளர், மருந்தாளுநர், ஐடிக்காரர் என்று இன்றைய தொழில்களுக்கும் லிவரி கம்பெனி உண்டு. இதில் உறுப்பினராகும் மேலாளர் ஒருவர் உங்களுக்கு வாய்த்தால் வருடத்துக்கு ஒன்றிரண்டு அழைப்பு நிச்சயம். சடங்கு அதிகமுள்ள விருந்து இதுதான், அதைப் பிறகு பார்ப்போம்.

மருத்துவமனைகளில் ஜூனியர் டாக்டர்களின் மெஸ் (அவர்களின் ஓய்வறைச் சங்கம்) நடத்தும் கோடைக்கால பால் பல இடங்களில் பிளாக் டைதான். இங்கே யாரும் லேப்பலை (கோட்டின் மார்பில் மடிந்து விழும் பகுதி) உற்றுப் பார்க்கப் போவதில்லை. வாடகை தாராளமாகப் போதும். ராணுவத்தில் அதிகாரிகளுக்குத் தனி மெஸ் சீருடை உண்டு, சிவிலியன் விருந்தாளிகள்தான் பிளாக் டையில் போவார்கள். கேம்பிரிட்ஜ் கல்லூரிகளின் மே பால் ஜூன் மாதத்தில் நடப்பது, சில கல்லூரிகளில் ஒயிட் டை, அது வேறு உடை (வால் கோட்டும் வெள்ளை போ டையும்). பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனங்களில் பிரிவுக்குப் பிரிவு மாறும். சாஃப்ட்வேர் கம்பெனிகளில் கிட்டத்தட்ட இல்லை. அங்கே பிளாக் டை என்று போட்டிருந்தால் பாதிப் பேர் ஸ்னீக்கர் போட்டு வருவார்கள்.

உடை விதியை மீறினால் என்ன ஆகும்? 1997-ல் கார்டன் பிரவுன் நிதி அமைச்சராக, லண்டன் நகர லார்ட் மேயரின் மாளிகையான மேன்ஷன் ஹவுஸ் விருந்துக்குச் சாதாரண சூட்டில் போனார், பத்திரிகைகள் எழுதின, அவ்வளவுதான். நிதி அமைச்சருக்கு நடக்கும். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமான டிரெய்னி அந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டாம்.

வாடகைச் சேவை: எது சரி, எது சறுக்கும்

பிரிட்டனில் மாலை உடையை வாடகைக்குக் கொடுக்கும் பழக்கம் பழசு. மாஸ் பிரதர்ஸ் 1851-ல் தொடங்கிய கடை, வாடகைக்குக் கொடுக்க ஆரம்பித்தது 1897-ல். இன்று தெருவுக்குத் தெரு கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. கோட், பேன்ட் இரண்டுக்கும் ஒரு தடவைக்குப் பொதுவாக 50 முதல் 100 பவுண்டு வரை ஆகும். கூடுதலாக வரும் செலவுகளைக் கவனியுங்கள். சட்டை, கம்மர்பண்ட் (இடுப்பில் சுற்றும் மடிப்புப் பட்டை), ஷூ தனித்தனிக் காசு, சேதக் காப்பு என்று ஒரு சிறு தொகை, தாமதமாகத் திருப்பினால் அபராதம். விளம்பரத்தில் போட்ட விலை இந்தக் கூட்டலுக்கு முந்தையது.

வாடகைக் கோட்டில் மிகப் பெரிய குறை துணி. பலர் கைமாறித் திரும்பத் திரும்ப டிரை கிளீன் செய்யப்படும் என்பதால் பாலியஸ்டர் கலந்த கெட்டித் துணியில் தைத்திருப்பார்கள். நடைபாதை விளக்கில் ஒன்றும் தெரியாது. கேமரா பிளாஷ் பட்டதும் பளபளக்கும், பக்கத்தில் கம்பளிக் கோட் போட்டவர் நின்றால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அடுத்த குறை கழுத்து. நிற்கும்போது கோட்டின் காலர் சட்டைக் காலரை ஒட்டி இருக்க வேண்டும், இடைவெளி விழக்கூடாது. வாடகைக் கோட்டில் ஒரு விரல் நுழையும் இடைவெளி சர்வ சாதாரணம். அதற்குக் காரணம் தோளின் சரிவு ஆளுக்கு ஆள் மாறுவது. இதை வாடகைக் கடை சரிசெய்து தராது. அளவு ஒன்று குறைத்துப் பார்த்தால் சில சமயம் சரியாகும்.

ஆன்லைனில் எடுக்கிறவர்கள் தவறுவது பெரும்பாலும் அளவெடுப்பதில்தான். ஜீன்ஸ் சைஸைக் கொடுக்கவே கூடாது. ஜீன்ஸ் இடுப்பெலும்புக்குக் கீழே நிற்கும், அதில் போட்டிருக்கும் எண்ணும் நிஜ அங்குலத்தைவிடக் குறைவாகவே இருக்கும். டின்னர் பேன்ட் நிற்க வேண்டிய இடம் தொப்புளுக்கு ஒட்டி. அங்கே டேப்பைச் சுற்றி, மூச்சை உள்ளிழுக்காமல் அளக்க வேண்டும். மார்பு அளவு அக்குளுக்குக் கீழே, டேப் முதுகில் சாயாமல். கழுத்து அளவுக்கு டேப்புக்குள் ஒரு விரல் வையுங்கள். கால் அளவைக் கவட்டிலிருந்து, போடப் போகும் ஷூவைப் போட்டுக்கொண்டு, குதிகாலின் மேல்விளிம்பு வரை எடுங்கள். நம்மவர்களில் உயரம் ஐந்தரை அடிக்குக் கீழே இருப்பவர்கள் கட்டாயம் 'ஷார்ட்' என்று குறிப்பிட வேண்டும். 38 ரெகுலரும் 38 ஷார்ட்டும் மார்பில் ஒன்று, நீளத்திலும் கைநீளத்திலும் வேறு. ரெகுலர் எடுத்தால் கோட் தொடை வரை இறங்கும், கை உள்ளங்கையை மூடும். சட்டைக் கை கோட்டுக்கு வெளியே அரை அங்குலம் தெரிய வேண்டும்.

டிசம்பரும் ஜூனும் வாடகைக் கடைகளுக்கு நெருக்கடி மாதங்கள். ஒன்றில் கிறிஸ்துமஸ் விருந்துகள், மற்றதில் பால்களும் கல்யாணங்களும். மூன்று நான்கு வாரம் முன்பே பதிவு செய்யுங்கள். வந்த அன்றைக்கே முழு உடையையும் போட்டுப் பாருங்கள். கோட்டை மட்டும் மாட்டிக் கண்ணாடியில் பார்த்துவிட்டு மூட்டையை மூலையில் வைப்பதுதான் வழக்கமாக நடப்பது. பேன்ட்டைப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருங்கள். நான்கு மணி நேரம் உட்காரப் போகும் உடை அது.

சொந்தமாக வாங்கினால்

கணக்கைப் பாருங்கள். வாடகை தடவைக்கு 75 பவுண்டு என்று வைத்தால் மூன்று இரவுக்கு 225. அந்தக் காசுக்குப் பெரிய கடைகளில் சுமாரான புது டின்னர் சூட் வந்துவிடும், இல்லாவிட்டால் நல்ல பழைய சூட் ஒன்றும் அதை ஆல்ட்டர் செய்யும் கூலியும் போக மீதியும் இருக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை இவைதான். ஒற்றை வரிசைக் கோட்டுக்கு ஒரே ஒரு பொத்தான். லேப்பல் நுனி மேல்நோக்கிக் கூராக நிற்க வேண்டும், அல்லது வெட்டே இல்லாமல் வளைந்து போகும் ஷால் வகை. சாதாரண அலுவலகக் கோட்டின் லேப்பலில் இருக்கும் முக்கோண வெட்டு (நாட்ச்) மலிவு சூட்களில் மிகுதி. அணியக்கூடாது என்று சட்டமில்லை, ஆனால் பார்த்த மாத்திரத்தில் ஆபீஸ் கோட்டில் சாட்டின் ஒட்டியது போலத்தான் தெரியும். லேப்பலின் முகப்புத் துணி பட்டு சாட்டினாகவோ, மெல்லிய வரி ஓடும் கிராஸ்கிரெயினாகவோ இருக்கலாம், போ டையும் அதே துணியில் அமைய வேண்டும். பொத்தான்கள் துணி சுற்றியவை. பைகளுக்கு மேல்மூடி கூடாது. கோட்டின் பின்பக்க அடியில் வெட்டு இல்லாமலிருப்பதே முறை, இரு பக்க வெட்டுகளைப் பொறுத்துக்கொள்ளலாம், நடுவில் ஒற்றை வெட்டு வேண்டாம்.

பேன்ட்டின் வெளித்தையலில் ஒரு பட்டு வரி ஓடும். இரண்டு வரி என்றால் அது ஒயிட் டைக்கு. பெல்ட் போடும் வளையம் இருக்கவே கூடாது. இடுப்பை இறுக்கும் பக்கவாட்டு இழுப்பிகளோ, உள்ளே பிரேசஸ் (தோள்வழி பேன்ட்டைத் தாங்கும் பட்டிகள்) மாட்டும் பொத்தான்களோ இருக்கும். அடியில் வெளிமடிப்பும் வேண்டாம், பட்டு வரியை அது வெட்டிவிடும்.

மிக முக்கியமான ஒரு விஷயம், கடைக்காரர் சொல்ல மாட்டார். கோட்டின் பொத்தானைப் போட்டு நேராக நில்லுங்கள். பொத்தானுக்குக் கீழே, பேன்ட் இடுப்புக்கு மேலே, ஒரு வெள்ளை முக்கோணம் தெரிகிறதா? பேன்ட்டின் உயரம் போதவில்லை என்று பொருள். இன்றைய மலிவு சூட்கள் முக்கால்வாசியில் இந்தக் கோளாறு உண்டு. கம்மர்பண்டோ தாழ்ந்த வெட்டுள்ள வெயிஸ்ட்கோட்டோ கட்டுவது இதை மறைக்கத்தான். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகளின் உடையிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த கம்மர்பண்டில் மடிப்புகள் மேல்நோக்கித் திறந்திருக்க வேண்டும். கீழ்நோக்கிக் கட்டியவர்களை எந்த விருந்திலும் மேஜைக்கு ஒருவராவது பார்க்கலாம். இரட்டை வரிசைக் கோட் போட்டால் கம்மர்பண்டே தேவையில்லை, ஆனால் உட்காரும்போதும் பொத்தானைக் கழற்றக் கூடாது.

பழைய கோட் தேடுகிறவர்களுக்கு: பிரிட்டனின் சாரிட்டி கடைகளிலும் ஆன்லைன் ஏலங்களிலும் சில பத்தாண்டுகளுக்கு முந்தைய பாரத்தியா (barathea) என்ற நெசவுக் கம்பளியில் தைத்த டின்னர் சூட்கள் 30 பவுண்டிலிருந்தே கிடைக்கும். துணி இன்றைய 300 பவுண்டு சூட்டைவிடப் பெரும்பாலும் மேல். ஆனால் மூன்று இடங்களைச் சோதியுங்கள். அக்குள் லைனிங் கிழிந்திருக்கிறதா. லேப்பல் பட்டு ஓரத்தில் நைந்து வெளுத்திருக்கிறதா. வெளிச்சத்துக்கு எதிரே பேன்ட் கவட்டைப் பிடித்தால் பூச்சி அரித்த துளி ஓட்டை தெரிகிறதா. லைனிங் மாற்றலாம். பட்டு நைந்தால் விட்டுவிடுங்கள், லேப்பலுக்குப் புதுப் பட்டு போடும் கூலி கோட்டின் விலையைத் தாண்டும். கைநீளமும் பேன்ட் நீளமும் குறைப்பது எளிது. தோள் அகலம் பொருந்தவில்லை என்றால் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம், தோளைப் பிரித்துத் தைக்கும் டெய்லர் அந்தக் கூலிக்குக் கிடைக்க மாட்டார். பழைய சூட்களின் துணி கனமானது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். குளிர்கால ஹால்களில் இப்போது ஹீட்டர் ஓடுகிறது, மீட்டருக்கு 400 கிராம் கோட்டில் வியர்த்துக் கொட்டும். 280 முதல் 340 கிராம் வரை நிம்மதி.

லீவுக்குச் சென்னை வரும்போது இங்கேயே தைத்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்பார்கள். தைக்கலாம், கூலி நியாயம், கைவேலையும் நன்றாகவே இருக்கும். சிக்கல் எங்கே என்றால், ரிசப்ஷன் சூட் தைத்துப் பழகிய கை சொல்லாமலே சிலவற்றைச் சேர்த்துவிடும்: நாட்ச் லேப்பல், இரண்டு பொத்தான், மூடி போட்ட பை, பெல்ட் வளையம், கண்ணாடிபோல் மின்னும் பாலியஸ்டர் சாட்டின். எனவே மேலே சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, ஆர்டர் ரசீதோடு பின் அடித்துக் கொடுங்கள். வாயால் சொன்னது கட்டிங் மாஸ்டரிடம் போய்ச் சேராது. துணியைத் தேர்ந்தெடுக்கும்போது கறுப்பைவிட மிட்நைட் நீலத்தைக் கேளுங்கள். மஞ்சள் விளக்கில் கறுப்பு சற்றுப் பச்சை தட்டும், இந்த நீலம் நல்ல கறுப்பாகவே தெரியும். இரண்டு ட்ரையலுக்கு நாள் விட்டுக் கொடுங்கள், ஊருக்குத் திரும்பும் முந்தின நாள் டெலிவரி என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். பேன்ட்டை உயரமாகத் தைக்கச் சொன்னால் "இப்ப யாரும் இப்படிப் போடுறதில்ல சார்" என்பார் டெய்லர். அசையாதீர்கள்.

சட்டையும் போ டையும்

டின்னர் சட்டைக்கு மடிந்து விழும் சாதாரணக் காலர். நுனி மட்டும் மடிந்து நிற்கும் விங் காலர் ஒயிட் டைக்கானது, வாடகைக் கடைகள் இரண்டையும் கலந்து தருவதால்தான் சட்டையை அங்கே எடுக்க வேண்டாம் என்பது. முன்பக்கம் மார்செல்லா என்ற தடித்த நெசவுப் பட்டை இருக்கும், அல்லது மடிப்புகள். மார்செல்லாப் பட்டை பேன்ட் இடுப்புக்குள் இறங்கிவிடக் கூடாது. இறங்கினால் உட்காரும்போது அந்த விறைப்பு வளைய முடியாமல் மேலே தள்ளி, மார்பில் பலகைபோல் எழும்பும். வாங்கும்முன் போட்டு உட்கார்ந்து பாருங்கள். பொத்தானுக்குப் பதில் ஸ்டட் மாட்டும் துளைகள் மூன்றோ நான்கோ இருக்கும், கைகளுக்கு இரட்டை மடிப்பும் கஃப்லிங்க்கும். ஸ்டட்களைச் சட்டை போடும் முன்பே மாட்டிவிடுவது நல்லது. போட்டபின் மாட்டினால் ஒன்றாவது கட்டிலுக்கு அடியில் உருளும்.

போ டையை முடிச்சிட்டே கட்டுங்கள், கிளிப் வேண்டாம். ஷூ லேஸ் முடிச்சுதான் இது, வேறு புதிர் ஒன்றுமில்லை. கழுத்தில் தொங்கவிட்டு, இடது முனையை ஒன்றரை அங்குலம் நீளமாக விடுங்கள். நீளமானதைக் குட்டையானதன் மேல் குறுக்கே போட்டு, அடியிலிருந்து கழுத்துப் பக்கமாக மேலே இழுத்து இறுக்குங்கள். குட்டை முனையை அகன்ற இடத்தில் மடித்து, காலருக்கு நடுவே படுக்கையாகப் பிடியுங்கள். நீள முனையை அதன் நடுவில் நேர்கீழே தொங்கவிடுங்கள். இப்போது நீள முனையையும் அதேபோல் மடித்து, மடிந்த பக்கத்தை முன்மடிப்பின் பின்னால் உள்ள கண்ணிக்குள் தள்ளுங்கள். எல்லோரும் தவறுவது இந்த இடத்தில்தான்: மடிந்த பக்கத்தைத் தள்ளாமல் தட்டையான நுனியைத் தள்ளிவிடுவார்கள், முழுதும் கழன்று வரும். கண்ணி கண்ணுக்குத் தெரியாது, ஆள்காட்டி விரலை முன்கூட்டியே அதில் நுழைத்து வைத்தால் வழி தப்பாது. இறுக்க, இரு பக்கமும் மடிந்த வளையங்களை இழுக்க வேண்டும், தட்டையான நுனிகளை இழுத்தால் அவிழும். இரு பக்கமும் துல்லியமாக ஒத்திருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் கோணலாக இருந்தால்தான் கையால் கட்டியது என்று தெரியும்.

ஷூ கறுப்பு ஆக்ஸ்ஃபோர்ட், கண்ணாடிபோல் பாலிஷ் செய்தது போதும். பேட்டன்ட் தோல் வாங்கினால் ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள், மேல்பூச்சு வெடிக்கும். சாக்ஸ் முழங்கால் வரை, கால்மேல் கால் போடும்போது தோல் தெரியக் கூடாது.

புடவை, வேட்டி

பெண்களுக்கு விதி தளர்வு. நீளமான மாலை உடை எதுவும் சரி, பட்டுப்புடவைக்கு எங்கும் தடையில்லை. ஆனால் விருந்து மண்டபங்களின் மெல்லிய கம்பி நாற்காலிகளில் சரிகை முந்தானை முதுகுப்புற இடுக்கில் மாட்டும். உட்காருமுன் முந்தானையை மடியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தோளில் இரண்டு பின் குத்துங்கள். கனமான காஞ்சிபுரத்தைவிட லேசான பட்டு வசதி. பழைய கல்லூரிகளிலும் இன்களிலும் முற்றம் கல் பாவியது, ஊசிக் குதிகால் செருப்பு கல்லிடுக்கில் சிக்கும்.

ஆண்களுக்கு அழைப்பிதழில் "பிளாக் டை அல்லது தேசிய உடை" என்று போட்டிருந்தால் பட்டு வேட்டி, முழுக்கைச் சட்டை, அங்கவஸ்திரம் முறையாகச் செல்லும். ஸ்காட்லாந்துக்காரர்கள் கில்ட்டில் வந்து நிற்பார்கள், யாரும் உங்களை வினோதமாகப் பார்க்க மாட்டார்கள். சொல்லப்போனால் இந்த விஷயத்தில் நம்மூர் கிளப்கள்தான் மோசம். 2014-ல் வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியைச் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்கத்தின் கிளப் உள்ளே விடவில்லை, அதே வருடம் தமிழக அரசு சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. அழைப்பிதழில் தேசிய உடை என்ற வரி இல்லையானால் ஏற்பாட்டாளரிடம் ஒரு மின்னஞ்சலில் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். ஒட்டும் பட்டை வைத்த வேட்டி, உள்ளே பெல்ட், டிசம்பர் என்றால் மேலே நீளக் கம்பளி ஓவர்கோட். வேட்டியும் கட்டி மேலே டின்னர் கோட்டும் போடும் கலப்படம் மட்டும் வேண்டாம்.

மேஜையில்

"7 ஃபார் 7.30" என்று போட்டிருந்தால் ஏழு மணிக்குப் பானம், ஏழரைக்கு உட்கார வேண்டும். "கேரேஜஸ் 11" என்றால் பதினொன்றுக்கு நிகழ்ச்சி முடிகிறது, டாக்ஸியை அதற்குச் சொல்லி வையுங்கள். ராணுவ மெஸ்ஸிலும் லிவரி ஹாலிலும் மன்னருக்கான டோஸ்ட் (கோப்பையை உயர்த்தி வாழ்த்திக் குடிப்பது) முடியும் வரை இடத்தைவிட்டு எழுந்து போவது மரபல்ல. அது இரண்டரை மணி நேரம்கூட ஆகலாம். ஏழு இருபதுக்கே கழிவறைக்குப் போய்வந்துவிடுங்கள். போர்ட் ஒயின் குடுவை இடப்பக்கமாக நகரும், குடிக்காதவரும் நகர்த்திவிட வேண்டும், நின்றுபோனால் எல்லோரும் உங்களையே பார்ப்பார்கள். டோஸ்ட்டுக்குத் தண்ணீர்க் கோப்பையைத் தூக்கினால் இன்று யாரும் தப்பாக நினைப்பதில்லை. மற்ற இடங்களில் எழுந்து நிற்கும் டோஸ்ட்டை ராயல் நேவி மெஸ்ஸில் உட்கார்ந்தபடியே செய்வார்கள், முந்திக்கொண்டு எழுந்துவிடாதீர்கள்.

லிவரி விருந்தின் லவிங் கப் சடங்கு முதல் தடவை குழப்பும். இரு கைப்பிடி, மூடி போட்ட பெரிய வெள்ளிக் கோப்பை மேஜையைச் சுற்றி வரும். கோப்பை உங்கள் பக்கத்து ஆளிடம் வந்ததும் நீங்கள் எழுந்து அவரைப் பார்த்துத் தலை தாழ்த்தி, வலக்கையால் மூடியை எடுத்து உயர்த்திப் பிடிக்க வேண்டும். அவர் ஒரு மிடறு குடித்து, கைப்பிடியில் கட்டிய துணியால் விளிம்பைத் துடைப்பார். மூடியைப் போடுங்கள், கோப்பை உங்கள் கைக்கு வரும். நீங்கள் அடுத்தவர் பக்கம் திரும்பினால் அவர் மூடியை எடுப்பார், உங்களுக்குக் கொடுத்தவர் உங்கள் முதுகோடு முதுகு ஒட்டிக் காவல் நிற்பார். எப்போதும் மூன்று பேர் நின்றுகொண்டிருப்பார்கள் என்று ஞாபகம் வைத்தால் போதும். 978-ல் எட்வர்ட் மன்னர் குடித்துக்கொண்டிருக்கும்போது குத்திக் கொல்லப்பட்டதால் வந்த வழக்கம் என்பது ஐதிகம். மூடியை வலக்கையால் எடுப்பதும் அதனால்தான், கத்தி பிடிக்கும் கை மூடியைப் பிடித்திருக்கும்.

சைவர்கள் கவனிக்க: அழைப்புக்குப் பதில் எழுதும்போதே சொல்லிவிடுங்கள், அன்றைக்குச் சொன்னால் கிடைப்பது வேகவைத்த காய்கறித் தட்டு. "வெஜிடேரியன்" என்றால் மட்டும் போதாது, மீன், முட்டை, ஜெலட்டின் வேண்டாம் என்றால் தனித்தனியாக எழுதுங்கள். பாலாடைக்கட்டிகளில் கன்றின் ரென்னெட் சேர்ந்தவை உண்டு, பார்மெசான் அப்படித்தான். உங்கள் தட்டு நாற்காலி எண்ணைப் பார்த்துத்தான் வரும். நண்பரோடு பேச ஆசைப்பட்டு இடம் மாறி உட்கார்ந்தால் உங்கள் முன் மான் கறி வந்து இறங்கும், உங்கள் காளான் வேறொருவருக்குப் போயிருக்கும்.

வரி பற்றி இரண்டு வார்த்தை

எல்லா ஊழியர்களுக்கும் திறந்த வருடாந்தர விருந்துக்குத் தலைக்கு 150 பவுண்டு வரை, வாட் வரி உட்பட, பிரிட்டனில் வரிவிலக்கு. சாப்பாட்டோடு தங்கும் அறை, வண்டிச் செலவு எல்லாம் கூட்டி, வந்த ஆட்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், ஊழியரின் துணையும் ஓர் ஆளாகக் கணக்கில் வருவார். 151 பவுண்டு ஆனால் ஒரு பவுண்டுக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் விலக்குப் போய்விடும். நல்ல கம்பெனிகள் அந்த வரியையும் தாங்களே கட்டிவிடும், ஹெச்.ஆரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டின்னர் சூட் வேலைக்காக வாங்கியதுதானே, வரியில் கழிக்கலாமா என்றால் முடியாது. ஆன் மல்லாலியூ என்ற பாரிஸ்டர் நீதிமன்றத்துக்கு உடுத்தும் கறுப்பு உடைச் செலவைக் கழிக்கக் கேட்டபோதே பிரபுக்கள் சபை 1983-ல் மறுத்துவிட்டது. உடம்பை மூடவும் அது பயன்படுகிறது என்பதுதான் காரணம்.

விருந்து முடிந்த மறுநாள் கோட்டை அகலத் தோள் ஹேங்கரில் ஒரு நாள் காற்றாட விட்டு, பிரஷ்ஷால் துடையுங்கள். ஒவ்வொரு தடவையும் டிரை கிளீனுக்குப் போட்டால் பட்டு லேப்பல் சீக்கிரம் மங்கும், வருடத்துக்கு ஒன்று போதும். அயர்ன் பெட்டியைப் பட்டின் மேல் நேராக வைக்காதீர்கள், இடையில் பருத்தித் துணி. உள்ளே வைக்கும்போது பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டுத் துணிப்பையில் போடுங்கள். சாஸ் சிந்திய கோட்டைச் சுத்தம் செய்யாமல் அலமாரியில் வைத்தால் பூச்சி முதலில் தேடி வருவது அந்தக் கறையைத்தான்.